மலிவான பாக்கெட் பிஸ்டல்கள்: .22, .25, .32 எதை நம்பலாம்?

கருங்கல் கேட்டது:
பாக்கெட்டில் அடங்கும் சிறிய பிஸ்டல் ஒன்று வாங்க யோசனை. அமெரிக்காவில் பழைய சரக்காக எளிதில் கிடைப்பவை ரேவன் எம்பி-25, ஜென்னிங்ஸ் ஜே-22. அவற்றுக்கு மேல்படியில் பெரெட்டா 950 (.25), கெல்-டெக் பி-32 (.32). விலை குறைந்த முதல் இரண்டில் உண்மையான குறை எது? வெடிக்காமல் போவதா, சிக்குவதா, சீக்கிரம் தேய்வதா? .22 தோட்டா மலிவு என்பதற்காக ஜே-22 எடுக்கலாமா?

நெம்புகோல்:
தோட்டாவிலிருந்து ஆரம்பியுங்கள் (.22, .25, .32 எல்லாம் தோட்டாவின் அளவுகள்). .22 எல்ஆர் ரிம்ஃபயர் வகை. தீப்பற்றும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் மெலிந்து, ஃபயரிங் பின் சரியாக அங்கேயே தட்டினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். அதே தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். ஆபத்து நேரத்தில் யார் திருப்பிக்கொண்டிருப்பது? போதாததற்கு முழுத் தோட்டாவாக அது நீளமானது, விளிம்பு துருத்தியது, குண்டு மென்மையான ஈயம். சின்ன மேகசினிலிருந்து (தோட்டா அடுக்கும் பெட்டி) ஒழுங்காக ஏறுவதற்கு இவை எல்லாமே தடை.

.25 ஏசிபி-யை ஜான் பிரவுனிங் வடிவமைத்ததே இந்த மாதிரிக் குட்டி பிஸ்டலுக்காகத்தான். சென்டர்ஃபயர் (தீப்பற்றும் மருந்து கூட்டடியின் நடுவில்), மொத்த நீளம் குறைவு, உலோக உறையிட்ட குண்டு. 50 கிரெய்ன் (எடை அளவு) குண்டு வினாடிக்குச் சுமார் 760 அடி வேகத்தில் போகும். ஆற்றல் 64 அடி-பவுண்டு அளவு. 2 அங்குலப் பேரலில் .22-உம் ஏறக்குறைய இதே அளவுதான். ஆகவே ஆற்றலுக்காக .25 வாங்குவதில்லை, தட்டினால் வெடிக்கும் என்பதற்காக வாங்குகிறோம். விலையும் அதிகம், பல கடைகளில் இருப்பும் குறைவு. அதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

துருத்தி:
ரேவன், ஜென்னிங்ஸ் இரண்டிலும் ஃபிரேமும் (உடல்சட்டம்) ஸ்லைடும் (மேலே முன்பின் ஓடும் பகுதி) ஸமாக் எனப்படும் துத்தநாகக் கலவை வார்ப்பு. பேரல் மட்டும் எஃகு. 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டுக் குட்டி பிஸ்டல்களின் இறக்குமதியை அடைத்தது. அந்த இடைவெளியில் லாஸ் ஏஞ்சல்ஸ் சுற்றுவட்டாரத்தில் முளைத்தவை இந்தக் கம்பெனிகள். (பெரெட்டா 950-ஐ அமெரிக்காவிலேயே செய்து விற்றதற்கும் அதே சட்டம்தான் காரணம்.)

இவை நேரடி புளோபேக் முறையில் இயங்குகின்றன. பூட்டு எதுவும் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் சேம்பரை (தோட்டா அமரும் அறை) மூடி வைத்திருக்கின்றன. அதனால் ஸ்லைடு கனமாக இருந்தே ஆக வேண்டும். ரேவன் ஏறத்தாழ 425 கிராம், பூட்டு முறையில் இயங்கும் கெல்-டெக் 190 கிராமுக்கும் கீழே. மலிவானதைத்தான் அதிகம் சுமக்கிறோம்.

கையில் எடுத்ததும் மேகசினைக் கழற்றி, சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துவிட்டு இவற்றைப் பாருங்கள்: ஸ்லைடு ஓடும் தடங்களில் பிசிறு, பின்பக்கம் மயிரிழை விரிசல், பேரலைப் பிடித்திருக்கும் பின்னைச் சுற்றி அசைவு. மூன்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். துத்தநாக வார்ப்பில் விட்ட விரிசலை ஒட்ட வைத்து மறுபடி சுடுவதெல்லாம் வேலைக்கு ஆகாது.

எம்பி-25-இல் ஃபயரிங் பின்னேதான் எஜெக்டரும். ஸ்லைடு பின்னால் வரும்போது அதன் நுனி முன்னே நீட்டிக் காலிக்கூட்டைத் தள்ளுகிறது. நுனி உடைந்தால் சுடுவதும் போச்சு, வெளியேற்றுவதும் போச்சு.

இதைவிடப் பெரிய விஷயம் கீழே விழும்போது வெடிப்பது. ஸ்டிரைக்கர் (ஸ்பிரிங்கால் பாயும் ஃபயரிங் பின்) முழு அழுத்தத்தில் காத்திருக்கும், அதை மறிக்கத் தனித் தடுப்பு கிடையாது. சேஃப்டி பிடிப்பது சியரை, அதாவது ஸ்டிரைக்கரை நிறுத்தி வைக்கும் கொக்கியை மட்டுமே. ஆகவே ரேவனையோ ஜென்னிங்ஸையோ வைத்துக்கொள்வதானால் சேம்பர் காலியாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால், எடுத்து ஸ்லைடை இழுக்க இரண்டு கையும் வேண்டும். விலை குறைவுக்கு நீங்கள் கொடுக்கும் நிஜமான விலை இதுதான்.

கருங்கல்:
அப்படியானால் பெரெட்டாவா, கெல்-டெக்கா? .32-இல் தோட்டா மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே?

நெம்புகோல்:
அது ரிம்லாக். .32 ஏசிபி கூட்டுக்கு லேசான விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் மேலேறாது. ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் சரியாகாது. மேகசினைக் கழற்றித் தோட்டாக்களை நெம்பிப் பிரிக்க வேண்டும். குட்டையான ஹாலோ பாயிண்ட் (நுனியில் குழியுள்ள குண்டு) போடும்போதுதான் இது அதிகம், ஏனென்றால் மேகசினுக்குள் முன்பின் நகர இடம் கிடைக்கிறது. 71 அல்லது 73 கிரெய்ன் முழு உறைக் குண்டு நீளமாக இருப்பதால் அந்த இடம் அடைபடும். ஹாலோ பாயிண்ட்தான் வேண்டுமென்றால் மேகசினின் பின்சுவரில் மெல்லிய தகடு வைப்பவர்கள் உண்டு. என் ஓட்டு முழு உறைக்கே. இந்தக் குறைந்த வேகத்தில் ஹாலோ பாயிண்ட் விரியும் என்று நம்ப முடியாது.

.32-க்கு அட்டவணையில் போடும் 129 அடி-பவுண்டு 4 அங்குலப் பேரலுக்கானது. பாக்கெட் பிஸ்டலில் அதைவிடக் குறையும், ஆனாலும் .25-ஐ நன்றாகவே தாண்டும்.

அச்சாணி:
பெரெட்டா 950-க்கு எக்ஸ்ட்ராக்டரே (கூட்டைச் சேம்பரிலிருந்து இழுக்கும் கொக்கி) கிடையாது, இது தெரிந்து வாங்குங்கள். சுட்ட கூட்டை வாயு அழுத்தமே வெளியே தள்ளும். தோட்டா வெடிக்காவிட்டால் ஸ்லைடை இழுத்துப் பயனில்லை. குழல் பாதுகாப்பான பக்கம் இருக்க 30 வினாடி பொறுங்கள், பிறகு பேரலை விடுவிக்கும் லீவரைத் தள்ளிப் பேரலை நிமிர்த்தித் தோட்டாவை எடுங்கள். ஸ்லைடு இழுக்க விரலில் பலமில்லாதவர்களுக்கு இந்த நிமிரும் பேரல் வரப்பிரசாதம். ஒரு சின்ன எச்சரிக்கை: 950பி மாடலில் கட்டைவிரல் சேஃப்டி இல்லை, 950பிஎஸ்-இல் உண்டு.

எதை வாங்கினாலும் முதலில் ரிகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னே தள்ளுவது), மேகசின் ஸ்பிரிங் இரண்டையும் மாற்றுங்கள். பழைய பிஸ்டலில் தோட்டா ஏறாததற்குப் பாதி நேரம் இவையே காரணம். மேகசின்களுக்கு எண்ணிட்டு, 150 சாதாரணத் தோட்டா, 50 நீங்கள் உடன் வைக்கப்போகும் தோட்டா என 200 சுடுங்கள். கோளாறு ஒரே மேகசினில் வந்தால் அதை ஒதுக்குங்கள், எல்லாவற்றிலும் வந்தால் பிஸ்டலே சரியில்லை. காலிக்கூடு நிமிர்ந்து மாட்டினால் உடனே பிஸ்டலைத் திட்டாமல் பிடியைப் பாருங்கள், புளோபேக்குக்கு மணிக்கட்டு தளரக் கூடாது.

அந்த 200 தோட்டாவின் செலவு, .25-ஆக இருந்தால், பழைய ரேவனின் விலையையே எட்டிப்பிடிக்கும். அதைக் கூட்டிப் பார்த்தால் கெல்-டெக் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஜே-22-ஐ இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.