புதுப்பிப்பு: நாட்டரசன்கோட்டை நடை போய் வந்தாச்சு

"காரைக்குடிப் பக்கம் காலாற நடந்து பார்க்க இலக்கியத் தொடர்புள்ள ஊர் இருக்கா?" என்று போன மாதம் கேட்டிருந்தேன். கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டியைத்தான் பலர் சொன்னீர்கள். அது அடுத்த முறைக்கு. ஒருவர் மட்டும் நாட்டரசன்கோட்டையில் இருக்கும் கம்பர் சமாதியைச் சொன்னார், அவருக்கு நன்றி.

கண்ணுடைய நாயகி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, தெப்பக்குளத்தைச் சுற்றி நடையைத் தொடங்கினேன். செட்டியார் வீடுகள் பாதி பூட்டித்தான் கிடக்கின்றன. ஒரு வாசலில் மட்டும் பர்மா தேக்குத் தூணைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் ஓர் ஆச்சி. "சமாதிக்கா? வெயிலுக்கு முந்திப் போயிட்டு வந்துருப்பா" என்றார்.

கம்பர் சமாதி ஆர்ப்பாட்டமே இல்லாத இடம். பிள்ளைக்குத் தமிழ் நன்றாக வரட்டும் என்று இங்குள்ள மண்ணைத் துளி எடுத்து நாக்கில் தடவுவது இந்தப் பக்கத்து வழக்கம். நான் போனபோதும் ஒரு தாத்தா பேத்திக்குத் தடவினார். அவள் முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டாள்! (தமிழ் எப்படியும் வந்துவிடும், பேச்சு அப்படி.)

போக நினைப்பவர்களுக்கு: பங்குனி மாத அத்த நட்சத்திரத்தை ஒட்டிப் போங்கள். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகத்தின் விழா அப்போதுதான், நிறைவு நாள் இந்தச் சமாதியில் நடக்கும். கூட்டம் பிடிக்காதென்றால் மார்கழி, தை. சித்திரையில் வேண்டாம், செம்மண் தரை காலைப் பொசுக்கிவிடும். தண்ணீர் கையோடு இருக்கட்டும்.