மார்ச் 3 கிரகணம்: திருகோணமலையில் நிலா எழும்போதே படம் எடுக்க உதவி தேவை

கேள்வி:
2026 மார்ச் 3 சந்திரகிரகணத்தை உப்புவெளிக் கரையில் நின்று எடுக்க யோசனை. கமரா கெனான் 200டி, லென்ஸ் 55-250, ட்ரைபோட் இருக்கு. போன போயா (பௌர்ணமி) பின்னேரம் ஒத்திகை பார்த்ததில் நிலா வெறும் வெள்ளை வட்டமாய் வருது, ஓட்டோ போகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் ஓடுது, விளிம்பு நெளியுது. பக்கத்தில் மங்கலாய் இன்னொரு குட்டி நிலாவும் விழுது! சிவப்பு நிலா எத்தனை மணிக்குக் கிடைக்கும்? கோணேசர் கோயிலையும் பிரேமுக்குள் கொண்டுவர ஏலுமா?

பதில் 1:
சிவப்பை மறந்திடுங்கோ தம்பி. முழுக் கிரகணம் நம் நேரப்படி பி.ப. 4.34 முதல் 5.33 வரை. அப்போ நிலா அடிவானத்துக்குக் கீழே. இங்கே அது எழும்புறது 6.15ஐ ஒட்டி, பொழுது படுவதும் ஏறக்குறைய அதே நேரம்தான். பகுதிக் கிரகணம் 6.47க்கு முடியும். ஆக உங்கள் கையில் அரை மணித்தியாலம், அதிலும் முதல் ஐந்தாறு நிமிடம் கடல் புகாரில் போயிடும்.

எழும்பும்போது விட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிழலுக்குள் இருக்கும், மேல்-இடது பக்கமாக. வானம் வெளிச்சமாய் இருப்பதால் அந்தப் பகுதி கறுப்பாய்த் தெரியாது, வான நிறத்தோடு கலந்து காணாமல் போகும். கடிச்ச அப்பம் மாதிரித்தான் வரும்.

வெள்ளை வட்டத்துக்குக் காரணம், கமரா வானத்தை அளந்து வெளிச்சத்தைக் கூட்டுறது. 'எம்' இல் (எல்லாவற்றையும் கையால் அமைக்கிற முறை) வையுங்கோ. 6.25க்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, எஃப்/8 (லென்ஸ் துவாரம்), 1/125 செக்கனில் தொடங்கி, நிலா ஏற ஏறக் குறைத்து 6.45க்கு ஐஎஸ்ஓ 200, 1/250. புகாரைப் பொறுத்து மாறும், ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்டொப் (வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) கூட்டியும் குறைச்சும் எடுங்கோ. ரோ பைல் (கமரா பதப்படுத்தாத மூலப் படம்) கட்டாயம், வைட் பலன்ஸ் (நிறச் சமநிலை) டேலைட்.

போகஸை வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கோ: இரண்டு, மூன்று கி.மீ. தூரத்து வள்ளத்தில் பிடிச்சு, லென்ஸ் சுவிட்சை எம்எஃப்க்கு (கையால் போகஸ்) மாற்றி, நிலா தெரிஞ்சதும் லைவ் வியூவில் பத்து மடங்கு பெருப்பித்துத் திருத்தணும். பிறகு சூமைத் தொட்டால் போகஸ் போச்சு. ட்ரைபோடில் ஸ்டெபிலைசரை (லென்ஸின் ஆட்டம் குறைக்கும் வசதி) நிற்பாட்டுங்கோ, 2 செக்கன் டைமர் போதும்.

நெளிவு போகஸ் பிழை இல்லை, காற்றுத் தளும்பல். இருபது முப்பது எடுத்தால் ஒன்றிரண்டு கூர்மையாய் வரும். நிலா மேலும் கீழும் நசுங்கின மாதிரி இருப்பதும் ஒளிமுறிவுதான் (காற்றில் ஒளி வளையுறது), அதை எடிட்டில் 'திருத்த' வேண்டாம்.

குட்டி நிலா யூவி பில்டரின் (லென்ஸுக்கு முன்னால் பூட்டுற கண்ணாடி) வேலை. கழற்றுங்கோ. ஆனால் கழற்றினால் உப்புக்காற்றுப் படலம் நேரே கண்ணாடியில் படியும். நிலாவைச் சுற்றிப் புகைபோல வந்தால் அதைத்தான் சந்தேகப்படணும். கால் மணிக்கு ஒருக்கால் ஊதி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கோ.

பதில் 2:
திசையும் பாருங்கோ. நிலா எழும்புறது நேர் கிழக்குக்கு ஆறேழு பாகை வடக்கே. உப்புவெளியில் கடல்தான் முன்னால், கோயில் பாறை நல்லாய் வலப்பக்கம் தள்ளி நிற்கும், ஒரே பிரேமில் வராது. கோயில் வேணுமென்றால் பாறைக்கு மேற்கே, சற்றுத் தெற்கே இடம் தேடணும். முதல் நாள் ஒத்திகை பார்த்தால், நிலா முக்கால் மணித்தியாலம் முந்தி, ஐந்து பாகை இடப்பக்கம் எழும்பும் என்பதையும் கணக்கில் எடுங்கோ.

கேள்வி:
நன்றி அண்ணாமார். தங்கச்சியிடம் போன் மட்டும் இருக்கு, அதால் ஏலுமா?

பதில் 1:
டிஜிட்டல் சூம் வேண்டாம். பைனாகுலரை ஸ்டாண்டில் இறுக்கி, கண் வைக்கும் பக்கம் போன் லென்ஸை ஒட்டி, திரையில் நிலாவை அழுத்திப் பிடிச்சு வெளிச்சத்தைக் கீழே இழுக்கச் சொல்லுங்கோ. 6.47க்கு உடனே மடக்கவும் வேண்டாம்: புறநிழல் (பூமியின் மங்கலான வெளி நிழல்) 7.53 வரை இருக்கு, முதல் இருபது நிமிடமாவது மேல்-இடது ஓரம் மங்கலாய்ப் படத்தில் விழும்.