வீட்டுக் குழுவில் ஒரு ஃபவுல் பஞ்சாயத்து

நான் (மாலை 6.52): சித்தப்பா, இன்று கிருஷ்ணகிரியில் நடந்த சாஃப்ட்பால் ஆட்டத்தில் ஒரே ரன்னில் தோற்றுவிட்டோம். ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டாகி, எங்கள் ரன்னர் இரண்டாவது பேஸில் (ஓடுபவர் தொட வேண்டிய திண்டு) நின்றபோது, நான் அடித்த பந்து தரையில் குதித்துப் போய், மூன்றாவது பேஸுக்கு நேர் மேலே தாண்டி, அதற்கப்புறம் பக்கவாட்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கி ‘ஃபவுல்’, அதாவது வெளியே போன செல்லாத பந்து, என்று கத்திவிட்டார். அடுத்த பந்தை பிட்சரிடமே அடித்து அவுட்டானேன்.

சித்தப்பா (6.58): பேஸின் மேல்தான் தாண்டியது என்றால் அது ஃபேர், அதாவது செல்லும் பந்து, கண்ணு. பேஸுக்கு முன்னால் தரையில் பட்ட பந்து, பேஸைக் கடக்கும் நொடியில் எங்கே இருந்தது என்பதுதான் கணக்கு. கடந்த பிறகு வெளியே எவ்வளவு தூரம் ஓடினாலும் கவலையில்லை. பறந்து வந்து பேஸுக்கு அப்பால் முதன்முதலாகத் தரையைத் தொடும் பந்துக்குத்தான் விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

தாத்தா (7.03): வாலிபாலில் கோட்டின் மேல் விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகத்தானே அர்த்தம்? இதிலும் அப்படியா?

சித்தப்பா (7.06): அப்படியேதான் அப்பா. பெயர்தான் ஃபவுல் லைன்; ஆனால் அந்தக் கோடும், அதன் முடிவில் நிற்கும் கம்பமும், முதல், மூன்றாவது பேஸ்களும் ஃபேர் பகுதியைச் சேர்ந்தவை. சாஃப்ட்பாலில் முதல் பேஸை இரட்டையாக வைத்தால், வெள்ளைப் பாதி உள்ளே, ஆரஞ்சுப் பாதி வெளியே.

அண்ணன் (7.10): அமெரிக்காவில் கிரிக்கெட் டிஆர்எஸ் மாதிரி வீடியோ பார்க்கிறார்களே?

சித்தப்பா (7.19): பார்க்கிறார்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. 2009 அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான பேஸ்பால் பிளேஆஃப் ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்ஸில் மின்னசோட்டா அணியின் ஜோ மவர் அடித்த பந்து, ஃபீல்டரின் கையுறையில் உரசி, கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது. பக்கத்திலேயே நின்ற அம்பயர் ஃபவுல் என்றார். அன்று வீடியோ ஹோம் ரன் சந்தேகங்களுக்கு மட்டும் இருந்ததால் திருத்த வழியில்லை. ஆட்டம் முடிந்தபின் அம்பயர் குழுத் தலைவரே தவறு என்று ஒப்புக்கொண்டார். 2014இல் வீடியோவை விரிவாக்கினார்கள். அப்போதும், பேஸ் அம்பயர் நிற்கும் இடத்துக்கு முன்னாலேயே தரையில் பட்ட பந்து அதில் சேரவில்லை. பாப்பா அடித்த பந்து அந்த ஊரிலும் அம்பயரின் கண்ணை நம்பித்தான் இருந்திருக்கும்.

அம்மா (7.24): தப்பென்று தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதானே, தம்பி? கோச் உள்ளே ஓடிப்போய்க் கத்தியும் அவர் அசையவில்லையாம்.

சித்தப்பா (7.33): அண்ணி, ஃபேர் என்று காட்டிவிட்டுப் பிறகு ஃபவுலாக மாற்றுவது எளிது, எல்லோரையும் பழைய பேஸுக்குத் திருப்பி அனுப்பினால் போதும். ஃபவுலை ஃபேராக்குவதுதான் சிக்கல், ஏனென்றால் அந்தச் சத்தம் கேட்டவுடன் ஃபீல்டர் பந்தை விட்டுவிடுகிறார், ரன்னர் நின்றுவிடுகிறார், அதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஃபேர் என்றால் வாய் திறக்காமல் உள்ளே கை காட்டுவார்கள், ஃபவுலுக்கு மட்டும் குரல் கொடுப்பார்கள். நானும் அம்பயராக நின்ற புதிதில் அவசரப்பட்டுக் கத்தி, பந்து கோட்டின் சுண்ணாம்பைக் கிளப்பியதைப் பிறகு பார்த்து, இரவெல்லாம் தூங்கவில்லை.

நான் (7.37): இன்னொரு அம்பயர் நன்றாகப் பார்த்திருந்தால்?

சித்தப்பா (7.45): தீர்ப்புச் சொன்னவர் கேட்டால்தான் அவர் பேசலாம், தானாக முன்வந்து திருத்தக் கூடாது. இரண்டே அம்பயர்கள் இருக்கும் ஆட்டத்தில் மூன்றாவது பேஸ் கோடு முழுவதும், பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்பவருடைய பொறுப்பு. கோச் ‘டைம்’ கேட்டு, மெதுவாக நடந்து போய், ‘உங்கள் கூட்டாளியிடம் ஒருமுறை கேட்க முடியுமா?’ என்றிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். கத்துகிறவருக்கு முன்னால் எந்த அம்பயரும் இறங்கி வரமாட்டார். அது போகட்டும், ஏன் ஃபவுல் என்று அவர் காரணம் சொன்னாரா?

நான் (7.48): பேஸுக்கு அப்பால் விழுந்த இடத்தைக் காட்டி, ‘இதோ, வெளியேதான் விழுந்தது’ என்றார்.

சித்தப்பா (7.56): அங்கேதான் கோட்டைவிட்டீர்கள்! ‘பேஸைக் கடக்கும்போதே பந்து வெளியே இருந்தது’ என்று அவர் சொன்னால் அது கண்ணின் தீர்ப்பு, அதன்மேல் முறையீடு கிடையாது. ‘பேஸின் மேல்தான் கடந்தது, ஆனால் வெளியே விழுந்தது’ என்றால் அது விதியையே தவறாகப் பிடித்தது. அதற்கு முறையீடு உண்டு, அடுத்த பந்து வீசப்படுவதற்குள் எழுப்ப வேண்டும். கடக்கும்போது பந்து எங்கே இருந்தது என்ற ஒரே கேள்வியை உங்கள் கோச் கேட்டிருக்க வேண்டும்.

நான் (7.58): அவர் அம்பயரின் கண்ணாடியைப் பற்றித்தான் கேட்டார், சித்தப்பா.

சித்தப்பா (8.01): ஞாயிறு காலை அவரையும் மைதானத்துக்கு அழைத்து வா. சுண்ணாம்புத்தூள் நான் கொண்டு வருகிறேன். பேஸ் ஓரமாக ஐம்பது பந்து உருட்டிக் காட்டுகிறேன்.

தாத்தா (8.04): நானும் வருகிறேன். எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.

சித்தப்பா (8.05): கோட்டைவிட்டுத் தள்ளியே போடுகிறேன் அப்பா. கோட்டின் மேல் போட்டால் நீங்களும் ஃபேர் ஆகிவிடுவீர்கள்.