புகைமூட்டம் வந்தால்தான் காற்று ஞாபகம் வருமா?

கெப்போங்_அக்கா:
மலேசியாவில் சுத்தமான காற்றுக்குத் தனிச் சட்டம் கேட்டு ஒரு மனு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்கள் வீடு பெரிய சாலையிலிருந்து இரண்டாவது வரிசை. சனிக்கிழமை சாமி மேடைக்கு மேலே இருக்கும் காற்றாடியை ஈரத்துணியால் துடைத்தேன். வந்தது மண் தூசி இல்லை, கரி. சோப்புப் போட்டும் நக இடுக்கிலிருந்து போகவில்லை. அன்றைக்கு ஏபிஐ, காற்று மாசுக் குறியீடு, 58. அதாவது ‘மிதமானது’!

லோரிக்காரன்:
தப்பான வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள், அக்கா. புகைமூட்டத்துக்குக் காரணமான தீ எரிவது இந்தோனேசியாவின் சுமத்ராவில். 2013ல் புகைமூட்டத்தால் ஜொகூர் மூவாரில் அவசரநிலை அறிவித்தார்களே, அது என் லோரிப் புகையா? தென்மேற்குப் பருவக்காற்று நம் சட்டத்தைப் படித்துவிட்டா வரும்?

செந்தூல்_பையன்:
அங்கே எரியும் தோட்டம் யாருடையது, அண்ணே? 2019ல் இந்தோனேசியா சீல் வைத்த நிலங்களில் மலேசிய செம்பனை (பாமாயில்) நிறுவனங்களின் கிளைகளும் இருந்தன. சிங்கப்பூர் 2014லேயே எல்லை தாண்டி வரும் புகைக்குச் சட்டம் போட்டுவிட்டது. நாம் பல வருஷம் பேசிப் பேசி, 2023ல் வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

லோரிக்காரன்:
சட்டம் போடலாம் தம்பி. எந்த நிலம் யார் பெயரில் என்று அந்த நாடு சொல்லாவிட்டால் வழக்கை எதை வைத்து நடத்துவது?

பழைய_லேப்:
அக்கா சொன்ன 58க்கு வருகிறேன். தூசித் துகள்களுக்கு ஏபிஐ கடந்த 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மதியம் ஒரு மணிக்குப் பள்ளி வாசலில் கிளம்பும் புகை, ராத்திரி மழை பெய்த நேரத்தோடு சேர்ந்து அந்தச் சராசரியில் கரைந்துபோகும். நுரையீரல் சராசரி பார்த்து மூச்சு விடாது. அளவெடுக்கும் நிலையங்களும் கோலாலம்பூரில் பத்து மூடா, செராஸ் என்று அங்கொன்று இங்கொன்று. நுண்துகளான பிஎம் 2.5 அந்தக் கணக்கில் சேர்ந்ததே 2018ல்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் அதன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்றது. நம் நாட்டுத் தரம் 15.

லோரிக்காரன்:
சரி, இது எனக்குத் தெரியாது. ஆனால் சட்டம் வந்தால் முதலில் மாட்டுவது யார்? செம்பனை முதலாளியா? பழைய லோரி ஓட்டும் நான்தான். 2021லிருந்து டீசல் புகை குறைந்த யூரோ 5 தரத்துக்கு ஆகிவிட்டது, என் எஞ்சின் ஆகவில்லையே! 2024 ஜூனில் டீசல் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியபோது மானிய டீசலுக்கான பிளீட் கார்டு இருந்ததால் பிழைத்தேன். புது லோரிக்கு எந்தக் கார்டு?

கெப்போங்_அக்கா:
மனுவைப் படித்தீர்களா?

லோரிக்காரன்:
மலாயில் நாலு பக்கம். இல்லை.

கெப்போங்_அக்கா:
லோரியைப் பிடி என்று அதில் ஒரு வரி கூட இல்லை. சாலையோரத்திலும் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலும் அளவுக்கருவி வை, அந்தந்த மணி நேர அளவைக் காட்டு என்கிறது. பழைய லோரியை மாற்ற உதவித்தொகையும் கேட்கிறார்கள், மூன்றாம் பக்கம்.

செந்தூல்_பையன்:
அண்ணே, போடுங்கள்.

லோரிக்காரன்:
மனுவில் இன்னொரு வரி சேர்த்தால் போடுகிறேன். என் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளி வாசலில் அரை மணி நேரம் எஞ்சினை அணைக்காமல் நிற்பது லோரி இல்லை, பிள்ளையை ஏற்ற வரும் கார்கள். அதற்குச் சம்மன், அதாவது அபராதம், என்று எழுதுங்கள்.

கெப்போங்_அக்கா:
ஏர்கோண்ட் இல்லாமல் அந்த வெயிலில் எப்படிக் காரில் உட்காருவது?

லோரிக்காரன்:
பார்த்தீர்களா!