படத்தின் பின்பக்கம்

கல்லிடைக்குறிச்சி உறுப்பினர்:

"தாத்தாவின் கேமராவை ஓர் இடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். காட்டுகிறேன், வா அம்மா" என்றாள் மகள். அவளுக்குக் குருகிராமில் வேலை. பேத்தியைப் பார்க்கவென்று திருக்குறள் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு உட்கார்ந்து போயிருந்தேன். அவள் சொன்ன இடம் மியூசியோ கேமரா. ஒளிப்படக் கலைஞர் ஆதித்ய ஆர்யா ஆண்டுக்கணக்கில் சேர்த்தவற்றைக் கொண்டு 2019இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம்.

துருத்தி வைத்த மரப்பெட்டிக் கேமராக்களை எல்லாம் கடந்து, அவள் என்னை நேராக அக்ஃபா கிளிக் 3இன் முன்னால் நிறுத்தினாள். அப்பாவிடம் இருந்ததும் இதே வகைதான். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் வீட்டில் ஒரு படம் எடுப்பது என்றாலே பெரிய யோசனை நடக்கும். ஆச்சி, "இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டுவிட்டுத்தான் திண்ணையில் வந்து நிற்பாள். அது நினைவுக்கு வந்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஊர் திரும்பிய பிறகும் மனத்தில் நிற்பது குல்வந்த் ராயின் கதை. விடுதலைக் காலத்துத் தலைவர்களை அருகிலிருந்து படம் பிடித்தவர். காந்தி, நேரு, ஜின்னா எல்லாரும் அவருடைய படங்களில் இருக்கிறார்கள். 1958இல் கேமராவும் கையுமாக உலகம் சுற்றக் கிளம்பியிருக்கிறார். எடுத்ததை எல்லாம் அங்கங்கிருந்து தபாலில் டெல்லிக்கு அனுப்பிக்கொண்டே போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அந்தப் பொட்டலங்கள் வந்து சேர்ந்திருக்கவில்லை. குப்பைமேடுகளில்கூடத் தேடி அலைந்தாராம். 1984இல் இறந்துபோனார். மிச்சமிருந்த நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக ஆர்யாவிடம் வந்து, நெடுங்காலம் பிரிக்கப்படாமல் கிடந்து, பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தன. ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை பரணில் கிடக்கும் ஒரு பெட்டியை நம்பி இருந்திருக்கிறது!

இன்னொன்றும் என்னை உறுத்தியது. தலைவர்களின் படம் என்றால் பார்த்த உடனே பெயர் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்கும் அம்மாள் யார்? வெள்ளைக்காரர் ஆட்சியில் 1868 முதல் 1875 வரை, இந்திய மக்களைப் படம் பிடித்து எட்டுத் தொகுதிகள் வெளியிட்டார்கள். அதில் பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது, சாதியோ குலமோ மட்டும்தான் இருக்கும். அதைப் படித்த நாளில் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஆனால் என் வீட்டு இரும்புப் பெட்டியில் என்ன வைத்திருக்கிறேன்? அத்தை கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று. திண்ணையில் ஏழு பெண்கள். நால்வரை எனக்குத் தெரியும். தூணுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய, இடுப்பில் பிள்ளையோடு நிற்பவளை எனக்குத் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தேன். வெறும் தாள்.

கொக்கிரகுளம் உறுப்பினர்:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பீரோ போனது, மெத்தை போனது, அவற்றை வாங்கிக்கொள்ளலாம். சுவரில் தாழ்வாக மாட்டியிருந்த தாத்தாவின் படமும் நனைந்துவிட்டது. பாளையங்கோட்டை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. பின்னால் தோட்டம் வரைந்த திரை, பக்கத்தில் பூச்சாடி வைத்த முக்காலி. ஸ்டூடியோக்காரர் கொடுத்த கோட்டு என்பது பார்த்தாலே தெரியும், கை விரல் முட்டி வரை தொங்கும். கன்னத்தில் மட்டும் ரோஸ் வண்ணம் தீட்டியிருப்பார்கள்.

சேறு வடிந்த மறுநாள் சட்டத்தைக் கழற்றினேன். படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. பதற்றத்தில் ஒரு மூலையைப் பிடித்து உரித்தேன். ஈரத்தில் ஊறிய மேல்பூச்சு கண்ணாடியிலேயே தங்கிவிட்டது, என் கையில் வந்தது வெள்ளைத் தாள். கோட்டின் ஒரு கையும் முக்காலியும் அத்தோடு போயின. முகத்துக்கு இரண்டு விரற்கடை முன்னால் நிறுத்திவிட்டேன், அந்த மட்டும் தப்பித்தது.

யாருக்கும் இந்த நிலை வரக் கூடாது. ஒட்டிய படத்தை உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளலாம், நான் பிறகு அப்படித்தான் செய்தேன். ஒன்றோடொன்று ஒட்டிய ஈரப் படங்களைக் காயவிடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் கிடத்தினால் மெல்லத் தாமாகவே பிரியும். பிறகு முகம் மேலே இருக்க, நிழலில், காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். பழைய நெகட்டிவ்களில் காடி (வினிகர்) வாடை அடித்தால் பிலிமே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, சீக்கிரம் நகல் எடுத்துவிடுங்கள்.

பின்னால் எழுதுவதாக இருந்தால் பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். மென்மையான பென்சில் போதும், அழுத்தாமல் எழுதுங்கள்.

கல்லிடைக்குறிச்சி உறுப்பினர்:

தம்பி, நீங்கள் சொன்னபடி பென்சில் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் போனேன். கல்யாணப் பெண்ணாக அந்தப் படத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. கண் மங்கல். படத்தை ஜன்னல் ஓரம் பிடித்து, கைப்பேசியில் பெரிதாக்கியும் காட்டினேன். ஏழு பேரையும் விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தாள். தூணுக்குப் பின்னால் வந்ததும் விரல் நின்றது.

"இவளா? பந்திக்கு அரைக்க வந்தவள். உன் அப்பா படம் எடுக்கிறான் என்றதும் ஓடப் பார்த்தாள். நான்தான் கையைப் பிடித்து நிற்க வைத்தேன். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது."

பெயரும் சொன்னாள், பிள்ளையின் பெயரும் சொன்னாள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார்கள் என்பதால் அந்தப் பெயர்களை இங்கே எழுதவில்லை. படத்தின் பின்னால் எழுதிவிட்டேன். ஒரு நகல் போட்டு, அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.