பப்பாளி இலை சிறு ஆர்என்ஏ: 127இல் மட்டும் பீக் வருகிறது, உதவி தேவை

பாலிக்புலாவ்_மலர்:
வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பாலிக் புலாவில் மாமாவின் தோட்டத்துப் பப்பாளிகளுக்கு வளையப்புள்ளி வைரஸ் வந்திருப்பது போல் தெரிகிறது. காயில் வளையம் வளையமாகப் புள்ளிகள், கொழுந்து இலை நூலாகச் சுருங்கி நிற்கிறது. அந்த மரங்கள் வைரஸை அடக்க எந்தச் சிறு ஆர்என்ஏக்களை உண்டாக்குகின்றன என்று சீக்வென்சிங் செய்து பார்க்க வேண்டும்.

சீக்வென்சிங்குக்கான லைப்ரரி (சிறு ஆர்என்ஏக்களின் இரு முனையிலும் அடாப்டர் என்ற ஒட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் பெருக்கிய தொகுப்பு) இரண்டு தடவை தோற்றுவிட்டது. துண்டுகளின் நீளத்தைக் காட்டும் பயோஅனலைசரில் 127 பேஸ் ஜோடியில் பெரிய பீக். கிட் கையேட்டின்படி அது வெறும் அடாப்டர் டைமர், அதாவது நடுவில் ஆர்என்ஏ இல்லாமல் அடாப்டர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. சிறு ஆர்என்ஏ சேர்ந்த துண்டு வர வேண்டிய 147 அருகே ஒன்றுமே இல்லை. ஆர்என்ஏ மோசமில்லை: சிதையாத அளவைக் காட்டும் ரின் எண் 8.1, தூய்மையைக் காட்டும் 260/280 விகிதம் 2.0, ஒவ்வொரு மாதிரியிலும் 1 மைக்ரோகிராம் போட்டேன். இரண்டாவது தடவை பிசிஆர் சுழற்சியை 15இலிருந்து 18ஆகக் கூட்டினேன், டைமர்தான் பெருகியது. கிட்டில் 24 மாதிரிக்கானதில் 8 போய்விட்டது. மீதியையும் வீணாக்கிவிடுவேனோ என்று கைவைக்கவே பயமாக இருக்கிறது.

செந்தூல்_தம்பி:
தாவரச் சிறு ஆர்என்ஏக்களின் 3' முனையில் ஹென்1 என்ற நொதி ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டிவிடும். அதனால் அடாப்டர் லேசில் ஒட்டாது. அடாப்டரை ஒட்டும் முதல் லிகேஷனை 25 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்காமல் 16 டிகிரியில் 18 மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

பாலிக்புலாவ்_மலர்:
இரண்டாவது தடவை அப்படித்தான் வைத்தேன் அண்ணா. மாற்றமில்லை.

கிள்ளான்_அக்கா:
மலர், ஆர்என்ஏவை எப்படிப் பிரித்தெடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே. டிரைசாலா, காலமா (ஆர்என்ஏவைப் பிடித்துவைக்கும் சிலிக்கா வடிகுழாய்), சிடேப்பா?

பாலிக்புலாவ்_மலர்:
சிடேப் அக்கா. டிரைசாலில் பப்பாளி இலை கோந்து மாதிரி வந்துவிடுகிறது. சிடேப், இரண்டு முறை குளோரோஃபார்ம், பிறகு 2 மோலார் லித்தியம் குளோரைடில் இரவு முழுக்க வைத்து, காலையில் சுழற்றி வண்டலை எடுத்துக் கழுவினேன்.

கிள்ளான்_அக்கா:
வண்டலுக்கு மேலே நின்ற மேல்நீரை என்ன செய்தீர்கள்?

பாலிக்புலாவ்_மலர்:
ஊற்றிவிட்டேன்...

கிள்ளான்_அக்கா:
உங்கள் சிறு ஆர்என்ஏ அதோடுதான் போயிருக்கிறது. லித்தியம் குளோரைடு நீளமான ஆர்என்ஏவைத்தான் நன்றாக வீழ்படிவாக்கும். டிஆர்என்ஏ, 5எஸ் போன்ற சின்ன ஆர்என்ஏக்களும், நீங்கள் தேடும் 21–24 நியூக்ளியோடைடு (ஆர்என்ஏவின் ஓர் எழுத்து) நீளத் துணுக்குகளும் பெரும்பாலும் கரைந்தே நிற்கும். ரின் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். அது 25எஸ், 18எஸ் போன்ற பெரிய ஆர்என்ஏ சிதையாமல் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும், சிறிசுகள் இருக்கின்றனவா என்று சொல்லாது. நானும் இதே பள்ளத்தில் ஒரு வருடம் கிடந்தவள். அதனால்தான் கேட்டேன்.

கிட்டைத் தொடுவதற்கு முன் பழைய ஆர்என்ஏவை 15% யூரியா ஜெல்லில் ஓட்டுங்கள். 70–120 நியூக்ளியோடைடு அருகே டிஆர்என்ஏ, 5எஸ் பட்டை மங்கியோ இல்லாமலோ இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

உறைபெட்டியில் இலை மிச்சமிருந்தால் திரும்ப எடுங்கள். அதே சிடேப், அதே லித்தியம், ஆனால் இம்முறை மேல்நீரைப் பத்திரப்படுத்துங்கள். அதற்கு இன்னொரு குளோரோஃபார்ம் கொடுத்து, மூன்று மடங்கு எத்தனாலும் கொஞ்சம் கிளைக்கோஜனும் சேர்த்து மைனஸ் 20இல் இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் 4 டிகிரியில் 12,000 ஜியில் அரை மணி நேரம் சுழற்றி, 80% எத்தனாலில் இரண்டு தடவை கழுவுங்கள், உப்பு தங்கக் கூடாது. சாதாரண சிலிக்கா வடிகுழாய்க்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள், அவற்றில் பல 200 நியூக்ளியோடைடுக்குக் கீழே உள்ளதை விட்டுவிடும்.

பழைய வண்டல் ஆர்என்ஏவைக் கொட்டிவிடாதீர்கள். மரத்தில் இருப்பது அந்த வைரஸ்தானா என்று ஆர்டி-பிசிஆரில் உறுதிசெய்ய அது நல்ல ஆர்என்ஏ.

செந்தூல்_தம்பி:
அக்கா சொன்னது சரி, எனக்குத் தோன்றவே இல்லை. 1999இல் ஹாமில்டனும் பால்கோமும் தாவரங்களில் மரபணு அடங்கும்போது 25 நியூக்ளியோடைடு அளவில் ஒரு ஆர்என்ஏ இருப்பதைக் காட்டினார்கள். அதுவரை யாருக்கும் தென்படாமல் இருந்ததற்கு அந்தச் சின்ன அளவும் ஒரு காரணம்.

பாலிக்புலாவ்_மலர் (9 நாள் கழித்து):
அக்கா! பழைய ஆர்என்ஏவில் டிஆர்என்ஏ பட்டை இருந்த இடமே தெரியவில்லை. மேல்நீரிலிருந்து எடுத்ததில் கொழுத்த பட்டை. இரண்டு மாதிரிக்கு மட்டும் லைப்ரரி செய்தேன், 15 சுழற்சிதான். 147–150இல் பீக் வந்துவிட்டது. 127 இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அப்படியே அனுப்பலாமா?

கிள்ளான்_அக்கா:
வேண்டாம். 6% பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் ஓட்டி 150 அருகே உள்ள பட்டையை மட்டும் வெட்டி எடுங்கள். டைமர் குட்டையானது, சீக்வென்சிங் ஓட்டத்தில் முந்திக்கொண்டு உங்கள் ரீடுகளை (கருவி படித்துத் தரும் வரிசைகள்) தின்றுவிடும். மாதிரிக்கு ஒரு கோடி ரீடு, 50 எழுத்து நீளம், ஒரு முனையிலிருந்து மட்டும் படித்தால் போதும்.

தரவு வந்ததும் அடாப்டரை வெட்டிவிட்டு முதலில் நீளப் பரவலை வரையுங்கள். 21இலும் 24இலும் இரண்டு மேடு தெரிய வேண்டும். மேடில்லாமல் பரந்து கிடந்தால் அது சிதைந்த ஆர்என்ஏ. வைரஸோடு பொருந்தும் ரீடுகள் பெரும்பாலும் 21, 22 நீளத்தில் இருக்கும், அவை டிசிஎல்4, டிசிஎல்2 நொதிகள் வெட்டியவை. 24 என்பது டிசிஎல்3 வேலை, அது மரத்தின் சொந்த மரபுத்தொகுதியைப் பூட்டுவதற்கு. வைரஸ் ரீடுகள் இரண்டு இழைகளிலிருந்தும் வருகின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ஒரே இழை மட்டும் என்றால் வெறும் சிதைவாக இருக்கலாம்.

இன்னொன்று. ரீடு நிறைய வந்ததால் மரம் ஜெயிக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். இந்த வைரஸிடம் எச்சி-ப்ரோ என்ற புரதம் இருக்கிறது, சிறு ஆர்என்ஏக்களைப் பிடித்துவைத்து மரத்தின் எதிர்ப்பை முடக்கிவிடும். மரம் வெட்டிக்கொண்டே இருக்கும், நோயும் முற்றிக்கொண்டே போகும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத செடி கட்டாயம் வேண்டும். இருக்கிறதா?

பாலிக்புலாவ்_மலர்:
மாமா தோட்டத்தில் சந்தேகமில்லாத மரம் ஒன்றுகூட இல்லை அக்கா.

கிள்ளான்_அக்கா:
அப்படியென்றால் விதை போட்டு, அசுவினி நுழையாத வலைக்குள் நாற்று வளர்த்து, ஆர்டி-பிசிஆரில் வைரஸ் இல்லை என்று பார்த்துவிட்டு அதன் இலையை எடுங்கள். கிட்டில் 14 மிச்சம் இருக்கும், போதும்.