இரண்டடுக்கு நுண்கோளம்: சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மோக்கா (மொரிசியஸ்): எங்கள் ஊர்ப் பள்ளி அறிவியல் கண்காட்சிப் பலகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மருந்தைச் சிறுகச் சிறுக விடும் இரண்டடுக்குப் பாலிமர் மணிக்குத் தமிழில் என்ன எழுதலாம்? ‘பூச்சு நுண்கோளம்’ சரிதானே?

ரோஸ் ஹில்: பூச்சு வேண்டாம் ஐயா, யாரும் பூசுவதில்லை. பி.எல்.ஏ., பி.எல்.ஜி.ஏ. என்று உடலுக்குள் மெல்லச் சிதையும் இரண்டு பாலிமர்களையும் டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் சேர்த்தே கரைத்து, துளிகள் ஒன்றுசேராமல் காக்கும் பாலிவைனைல் ஆல்ககால் 1 விழுக்காடு கலந்த நீரில் துளிகளாகச் சிதறவிட்டுக் கலக்குகிறோம். கரைப்பான் ஆவியாக ஆவியாக இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும், பி.எல்.ஏ. வெளியே போய் மற்றதைச் சூழ்ந்துகொள்ளும். அவசரப்பட்டுச் சூடேற்றினால் கெட்டது. அந்தக் கரைப்பான் 40 டிகிரியிலேயே கொதிக்கும். பிரிந்து முடியுமுன் துளி இறுகி, அடுக்குக்குப் பதில் திட்டுத்திட்டாக நிற்கும், துளை விழும், மருந்து முதல் நாளே கொட்டிவிடும். ‘ஈருறை நுண்கோளம்’ என்போம். அடுத்து உயிரெழுத்து வருவதால் ‘இரு’ இங்கே ‘ஈர்’ ஆகிறது.

வக்வா: கோளம் வடசொல். நுண்ணுருண்டை?

டர்பன் (தென்னாப்பிரிக்கா): யார் சொன்னது வடசொல் என்று? குள், குளிகை, கோள், கோளம், எல்லாம் ஒரே வேர் என்பாரும் உண்டே. மருந்துக்கு ‘நுண்குளிகை’ அல்லவா பொருத்தம்?

ரோஸ் ஹில்: குளிகை விழுங்குவது. இது ஊசியில் போவது. அதனால்தான் 100 மைக்ரானுக்குள் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) வைக்கப் பார்க்கிறோம், பெருத்தால் ஊசி அடைக்கும்.

வக்வா: ‘பாலிமர்’ மட்டும் தமிழா? பல்லுறுப்பி என்று எழுதுங்கள்.

போர்ட் லூயிஸ்: வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகள் அம்மா. பாலிமர் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ‘பல்லுறுப்பி’ என்றால் பல் மருத்துவமா என்பார்கள். ‘உறை’யிலும் சிக்கல் உண்டு: மேல்நிலை வகுப்பில் ஆணுறை நினைவுதான் வரும். உறைதல் என்றால் இறுகுவதும்கூட.

டர்பன்: இறுகத்தானே செய்கிறது! இரட்டுற மொழிதல் என்று கொள்ளுங்கள்.

வக்வா: எந்த அடுக்கு மேலே என்பதைப் படத்தில் தெளிவாகக் காட்டுங்கள். 1998 ரூபாய் நோட்டில் நாகரி எழுத்தைத் தமிழுக்கு மேலே ஏற்றி அச்சிட்டுத் திரும்பப் பெற்ற ஊர் இது.

மோக்கா: நன்றி. ‘ஈருறை நுண்கோளம்’ என்றே வைத்தேன், பாலிமர் அப்படியே. அனுப்பிவிட்டேன்.

டர்பன்: உள்ளே இருப்பது கரு, வெளியே இருப்பது ஒன்றே உறை. எண்ணிப் பார்த்தால் ஓருறைதான். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.